உதடு

முதல் நாள் நான் வரைந்த மீனைப் பார்த்துக்
கோடிமுனை சிரித்தது.
"இது எந்தக் கடலுக்க மீன் மக்களே?"
இடுப்புச் சருவத்தை இறக்காமலே கேட்டாள் டெல்பின்.
"கண்ணப் பாரு, பூனைக்க கண்ணு."

காலண்டரில் இருந்த மீன் அது.
கலிலேயாவை மனதில் வைத்து
சிவகாசியில் யாரோ அச்சடித்தது.

நான் தக்கலைக்காரி.
கடைப்பெயர், கட்சிச் சின்னம்,
ஆட்டோ முதுகில் பிள்ளைகளின் பெயர்கள்,
இவைதான் என் கைக்குப் பழக்கம்.
கடல் எனக்குத் தட்டில் வருவது.
வலைக்கூடத்துச் சுவர், இருபத்திரண்டு அடி,
பெயிண்ட் உன் செலவு, டீ எங்கள் செலவு என்றார்கள்.
வந்தேன்.

மீனை அழித்து அயலை போட்டேன்.
முதுகு வரி வளைந்து ஓடணும் என்றான் ஒரு பொடியன்.
செத்தால் பச்சை போயிரும் என்றான் இன்னொருவன்.
ஆக, வலைக்குள் கிடப்பவை பச்சை,
வள்ளத்துக்குள் விழுந்தவை மங்கல்.
ஒரே மீனுக்கு இரண்டு டப்பா.

காத்திருக்கிறவளை மட்டும்
யாரையும் கேட்காமல் வரைந்தேன்.
நெற்றியில் கை, கடல் மேல் கண், பறக்கும் முந்தானை.
எல்லா ஊர்ப் படங்களிலும் அவள் அப்படித்தானே நிற்கிறாள்.
நன்றாகவே வந்திருந்தாள்.
போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

வியாகுலம் வந்து ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தாள்.
டீ ஆறியது.
"கொள்ளாம்," என்றாள். பிறகு,
"இவளுக்க வீட்டுல ஒண்ணும் நடக்கேல்ல."

"அன்னைக்கு நாங்க கடலப் பாக்கேல்ல.
கடலப் பாக்க ஆருக்குத் தைரியம்?
வயர்லெஸ்ஸக் காதுல வச்சிட்டு ஒரு பய நின்னான்.
அவனுக்க வாயைப் பாத்தோம், அத்தன பேரும்.
அடுத்த பேருக்கு
உதடு ஒட்டுதா ஒட்டேல்லயாண்ணு."

அவள் கணவன் பெயர் பிலவேந்திரன்.
நான் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
உதடு ஒட்டாமல் தொடங்க முடியவில்லை.

வெள்ளை அடித்து மூடினேன்,
முந்தானை மட்டும் இரண்டு கோட்டுக்கும் அடங்கவில்லை.
மேலே புதிதாக வரைந்தேன்:
பதினேழு பெண்கள், கடலுக்கு முதுகு காட்டி,
நடுவில் மீசை முளைக்காத ஒருவன்.
கடல், மேலே ஒரு சாண் நீலம்.
"கடலே இல்லாம என்ன கடல் படம்?
இதுக்கா முழுத் துட்டு?" என்றார் கமிட்டி பொருளாளர்.
டெல்பின் அவரிடம் சொன்னதை
இங்கே எழுத முடியாது.

தூண்டில் வளைவுக்கு நட்சத்திரக் கல் வார்க்கும்
ஜார்க்கண்ட் பையன் சோம்ரா
டீக்கு வந்தவன் சுவரின் முன் நின்றுவிட்டான்.
"காதான்?" என்றான்.
எனக்குப் புரியவில்லை.
அடுப்புக் கரி ஒன்று எடுத்துத்
தரையில் குழி வரைந்தான்.
குழிக்குள் இறங்கும் கயிறு. குழியைச் சுற்றிப் பெண்கள்.
கடல் பார்த்திராத ஊர்ப் பெண்கள்,
குழிக்கு முதுகு காட்டி.
தாள் பிடித்த ஒரு ஆள்.
அந்த ஆளுக்குக் கண் வைக்கவில்லை, மூக்கு வைக்கவில்லை,
வாய் மட்டும், கரி ஒடியும்வரை.

"மங்ரா," என்றான். "பாப்பா."
மெதுவாக, என் வாயைப் பார்த்துச் சொன்னான்.
முதல் எழுத்துக்கு அவன் உதடு ஒட்டியது.

வியாகுலத்துக்கு இந்தி தெரியாது.
ஐஸ் பெட்டியில் கொஞ்சம் நகர்ந்து
இடம் விட்டாள்.

சாயங்காலம் மீன் கழுவின தண்ணீர்
குழியையும் கயிற்றையும் கொண்டுபோயிற்று.
கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
சுவரில் அந்தப் பயலுக்கு இன்னும் வாய் இல்லை.
ஒட்டி வரையவா, திறந்து வரையவா?
மீன் வரி சொன்ன பொடியன்களைக் கேட்டேன்.
ஒருவனும் பதில் சொல்லவில்லை.